ஒரு சதுர மீட்டர் கூடுதல்

டோரிட் லிங்பெக்கின் தலைமுடியை முப்பது வருடத்துக்கும் மேலாகச் சனிக்கிழமைதோறும் நான்தான் அலசிவிடுகிறேன். எங்கள் ஊரான கோர்சோரின் துறைமுகத் தெருவில் என்னுடைய சலூனும் அவளுடைய பியர்க்கடையும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். காலையில் கடை திறக்குமுன் பின்வாசல் வழியாக வருவாள், நாற்காலியில் சாய்வாள், கண்ணை மூடிக்கொள்வாள். வெந்நீர் பட்டதும் அந்த முடியிலிருந்து ஒரு வாரத்துப் புகை கிளம்பும். சுருட்டு, சிகரெட், பைப் எல்லாம் கலந்த புகை. அடுத்து வருகிற பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, லிஸ்பெத், மறுபடியும் ஆரம்பித்துவிட்டாயா என்று என்னைக் கேட்பார்கள். நான் சிகரெட்டை விட்டு எத்தனையோ காலமாகிறது. டோரிட்டோ வாழ்க்கையில் ஒன்றைக்கூடப் பற்றவைத்ததில்லை.

ஊரிலேயே அதிகமாகப் புகை பிடித்தவள் நீதான், அதுவும் ஓசியில் என்று நான் கிண்டல் செய்வேன். அவளும் நுரைக்குள்ளிருந்து சிரிப்பாள். அந்தக் கிண்டலில் எவ்வளவு உண்மை இருந்தது என்று எங்கள் இருவருக்குமே வெகுகாலம் தெரியாது.

அவள் பிறந்ததே அந்தப் பியர்க்கடையின் மாடியில். கடைக்குப் பெயர் ‘வலப்புறம்’. கப்பலின் வலது பக்கத்துக்கு மாலுமிகள் சொல்கிற சொல். கடை இருப்பதோ தெருவின் இடது பக்கத்தில். இதை யார் சுட்டிக்காட்டினாலும் அவளுடைய அப்பா ஆக்ஸல், “கடல்லேர்ந்து வந்து பாரு” என்பார். அவர் வாயில் எந்நேரமும் ஒரு சின்னச் சுருட்டு இருக்கும். பேசும்போதும் எடுக்க மாட்டார், அதனால் அவர் சொல்வதில் பாதி யாருக்கும் புரியாது. அம்மா படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர், மாலையில்தான் வேலை. குழந்தையை மாடியில் தனியாக விடப் பயந்து ஆக்ஸல் அவளைக் கீழே மூலை மேசையில், விளக்கடியில் உட்காரவைத்தார். வீட்டுப்பாடம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். ரயில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்வந்த படகுகளின் ஆட்கள் வேலை முடிந்து வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து ஊதித் தள்ளுவார்கள். மாடிக்குப் போனாலும் தப்ப முடியாது, தரைப்பலகை இடுக்கு வழியாகப் புகை மேலே வந்துவிடும்.

படகின் இயந்திர அறையில் வேலைபார்த்த ஹோல்கர்தான் அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். அப்போது அவர் செம்பட்டை மீசை வைத்த இளைஞர். தீப்பெட்டியைக் கவிழ்த்து ஏழேழு குச்சியாக வரிசை கட்டுவார். தோல் கோப்பையில் இரண்டு பகடையைப் போட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பார். விழுந்த எண்ணை ஏழால் பெருக்கிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு எலுமிச்சை சோடா. தப்பாகச் சொன்னால் வரிசையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து உரசிச் சுருட்டைப் பற்றவைத்துக்கொள்வார். குச்சிகள் தீர்வதற்குள் அவள் வாய்ப்பாட்டைக் கற்றுக்கொண்டாள். மூலை மேசையில் அதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள், அதற்கும் ஆளாளுக்கு ஒன்று பற்றவைத்துக்கொண்டு.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் புகைமீன் என்று பெயர். பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அவள் கம்பளிச் சட்டை அப்படி நாறியிருக்கிறது. அவளுக்குக் கோபமே வரவில்லையாம். எங்கள் ஊரில் புகைமீனை விட ருசியான பண்டம் ஏது, பாராட்டுகிறார்கள் என்றே நினைத்தாளாம். அவள் சுபாவம் அன்றைக்கே அப்படித்தான்.

அந்த ஆண்களை நான் இப்போது குற்றம் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் குடும்ப டாக்டரே இருமலுக்கு மருந்து எழுதும்போது பைப்பை வாயில் வைத்துக்கொண்டுதான் எழுதுவார். யாருக்கும் எதுவும் தெரியாது.

பிறகு கடலுக்குக் குறுக்கே பாலம் வந்தது. படகுகள் நின்றன, படகுக்காரர்களும் நின்றார்கள். ஆக்ஸல் அதற்குள் போய்ச்சேர்ந்திருந்தார். கடை டோரிட் கைக்கு வந்திருந்தது. கல்யாணம் என்று ஒன்று ஆகி, அந்த ஆள் வேறு ஒருத்தியோடு ஜெர்மனிக்குப் போய்விட்டிருந்தான், நல்லவேளையாக. வேலை போன ஆட்கள் காலையில் எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் துறைமுகத்தையே சுற்றிவந்தார்கள். டோரிட் கடையைச் சீக்கிரமே திறந்து காபி போட்டு வைத்தாள். வியாழக்கிழமைகளில் மஞ்சள் பட்டாணி சூப்பு வைத்தாள். ஹோல்கரின் மனைவி இறந்த குளிர்காலத்தில் அவர் சாப்பிட்டாரா, தாடியை மழித்தாரா என்று பார்த்துக்கொண்டதும் அவள்தான். அவரை என் சலூனுக்குக் காதைப் பிடித்து இழுத்துவராத குறையாக இழுத்துவந்து முடிவெட்டவைப்பாள்.

எங்கள் நாட்டில் ஒருவரைத் திரும்பப் பார்த்ததும் முதலில் சொல்வது, போன தடவைக்கு நன்றி என்பது. முறைப்படி பார்த்தால் விருந்துக்குப் போய்வந்த பிறகுதான் அதைச் சொல்ல வேண்டும். ஹோல்கர் தினமும் மாலை கதவைத் திறந்ததும் சொல்வார். போன தடவை என்பது நேற்று மாலைதான், அதற்கும் காசு கொடுத்துத்தான் குடித்திருப்பார். “போன தடவைக்கு நன்றி, பொண்ணே.” டோரிட்டும் தலையைத் தூக்காமலே, “நன்றி உனக்குத்தான்” என்பாள். அவளுக்கு நாற்பது வயது கடந்தும் அவருக்கு அவள் பொண்ணுதான். அவளுக்கு அவர் என்றைக்குமே ‘நீ’தான்.

கடையில் இன்னொரு வழக்கமும் உண்டு. கல்லாவுக்கு மேலே பழைய படகிலிருந்து கழற்றிய பித்தளை மணி தொங்குகிறது. அதை யார் அடித்தாலும் கடையில் இருக்கும் எல்லோருக்கும் அவர் செலவில் ஒரு சுற்று. பேத்தி பிறந்தால் அடிப்பார்கள், குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தால் அடிப்பார்கள். கடைக்காரர் மட்டும் அடிக்கக் கூடாது, அடித்தால் வியாபாரம் உருப்படாது என்பது ஆக்ஸல் சொல்லிவிட்டுப் போன சட்டம்.

அரசாங்கச் சட்டம் பிறகு வந்தது. உணவகங்களிலும் குடிக்கிற இடங்களிலும் புகை கூடாது. ஆனால் பரிமாறுகிற இடம் நாற்பது சதுர மீட்டருக்குக் குறைவான சின்னக் கடைகளில் பிடித்துக்கொள்ளலாம், கடைக்காரர் விருப்பம். ‘வலப்புறம்’ முப்பதைச் சற்றே தாண்டும். அவ்வளவுதான், ஊரில் மற்ற இடங்களிலிருந்து துரத்தப்பட்ட புகைக்காரர்கள் அத்தனை பேரும் டோரிட் கடைக்குப் படையெடுத்தார்கள். முன்பு மூன்று கடைகளில் பரவியிருந்த புகை ஒரே கடையில் சேர்ந்துகொண்டது. என் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த முகக்கண்ணாடியின் பின்பக்கம் மஞ்சளாகிவிட்டது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இரண்டு வருடம் போயிருக்கும். டோரிட்டுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கியது. கண்ணை அசைத்தால் வலி. புகை எரிச்சல் என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டாள். அது தானாகச் சரியானது. பிறகு வலது கால் மரத்துப்போனது, கால் செருப்புக்குள் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தட்டோடு எட்டு கிளாஸ்களைக் கீழே போட்டாள். கிளாஸ் உடைந்தால் கைதட்டுவது எங்கள் கடைகளில் வழக்கம். எல்லோரும் தட்டினார்கள். அவளும் குனிந்து வணங்கினாள். நிமிர முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன்.

மறு வாரம் அவளை நானே காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்தார்கள், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ். மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துவிடுகிற நோய். மின்கம்பியின் உறை கிழிந்தால் விளக்கு மினுக்குவது போலத்தான் கண்ணும் காலும் விட்டுவிட்டு வேலைசெய்யும் என்று டாக்டரம்மா சொன்னார். சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். நீங்கள் புகை பிடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள் டோரிட். வீட்டிலோ வேலைசெய்கிற இடத்திலோ யாராவது பிடிப்பார்களா என்று கேட்டார். டோரிட் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான்தான் கதையைச் சொன்னேன்.

அவர் அலங்காரமில்லாமல் பேசினார். “உங்களுக்கு இது எதனால வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. பல காரணம் சேர்ந்து வர்றது இது. பரம்பரை கொஞ்சம், வெயில் இல்லாத ஊர் கொஞ்சம், சின்ன வயசுல வர்ற ஒரு வைரஸ் காய்ச்சல் கொஞ்சம். புகையும் அதுல ஒண்ணு. தான் பிடிச்சாலும் சரி, அடுத்தவங்க விட்டதைச் சுவாசிச்சாலும் சரி, வாய்ப்பு கூடுதுன்னு ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. மத்ததையெல்லாம் இனிமே மாத்த முடியாது. இதை மாத்தலாம்.”

புகை நோயை வேகப்படுத்தக்கூடும், அதிலிருந்து விலகியிருந்தால் காலை இன்னும் கொஞ்ச காலம் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நம்ப நியாயம் இருக்கிறது என்றும் சொன்னார். நிச்சயம் என்று சொல்லவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

திரும்பும் வழியில் டோரிட் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சிவப்பு சாசேஜ் இரண்டு வாங்கினாள். கடுகு விழுதைத் தொட்டுத் தின்றுகொண்டே, கடையை விற்றுவிடப்போவதாகச் சொன்னாள். கோபன்ஹேகன்காரன் ஒருவன் காபிக்கடை வைக்க வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஈஸ்டர் கழிந்து கையெழுத்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையை விற்பானேன், நாளைக்கே ‘புகை கூடாது’ என்று பலகை மாட்டினால் முடிந்தது என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னன்னு சொல்லி மாட்டுவேன்? எனக்கு உடம்பு சரியில்ல, எல்லாரும் மழையில போய் நில்லுங்கன்னா? அந்த ஹோல்கர் காதுக்கு இது போச்சுன்னா என்ன நினைப்பான்? தன்னாலதான்னு நினைப்பான், லிஸ்பெத். செத்துப்போற வரைக்கும் அதையே நினைச்சுக்கிட்டு இருப்பான். முட்டி வலின்னு சொல்லி வித்துட்டுப் போறேன். நீ வாயைத் திறக்கக் கூடாது.”

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னேன். முடிவெட்டுகிறவளிடம் இப்படி ஒரு சத்தியம் வாங்கியது அவள் தப்பு.

பிப்ரவரியில் கால் ஒரேயடியாகத் தள்ளாட, மருந்து ஏற்றிக்கொள்ள ஆஸ்பத்திரியில் சில நாள் இருக்க வேண்டியதாயிற்று. சித்தி மகளைப் பார்க்க ஓர்ஹூஸ் நகருக்குப் போவதாகக் கடையில் சொல்லிவிட்டு, பொறுப்பைப் பென்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பென்ட் ஒரு தச்சன். நாளொன்றுக்கு இரண்டு பெட்டி சிகரெட், அரைப் பெட்டி பேச்சு. அன்று மாலை நான் பேருக்கு ஒரு பியர் குடிக்கப் போயிருந்தேன். ஹோல்கர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஆரம்பித்தார். இந்தக் குளிரில் எந்த மடச்சி ஓர்ஹூஸ் போவாள், ஆறு மாதமாக நடையே சரியில்லை, கடைச் சரக்கைத் தானே குடித்துத் தீர்க்கிறாளோ என்னவோ என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. பாசத்தில் பேசியதுதான், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் எழுந்துவிட்டேன்.

“சிரிங்க. நல்லாச் சிரிங்க. அவ ஆஸ்பத்திரியில ஊசி ஏத்திக்கிட்டுக் கிடக்கா. கடையை விக்கப் போறா. உங்களை வெளிய போய்ப் பிடிங்கன்னு சொல்ல வாய் வராம கடையையே விக்கப் போறா.”

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நோயின் பெயர், டாக்டரம்மா சொன்னது, சொல்லாதது, ஹோல்கருக்குத் தெரியக் கூடாது என்று அவள் பயந்தது உட்பட. இன்றைக்கும் எனக்கு அதில் துளி வருத்தமில்லை.

 ஹோல்கர் சுருட்டைச் சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தார். அது பாட்டுக்கு எரிந்து அணையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து ஒருவர், நாளையிலிருந்து நாம் எல்லோரும் விட்டுவிட்டதாகச் சொன்னால் என்ன என்று கேட்டார். பென்ட்டையும் ஹோல்கரையும் பார்த்துவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். அதைப் பச்சைக் குழந்தைகூட நம்பாது. அவர்கள் தாங்களாகவே வெளியே போய்ப் பிடித்தாலும் டோரிட்டுக்கு விஷயம் புரிந்துவிடும், வெட்கத்தில் ஈஸ்டருக்கு முன்பே விற்றுவிடுவாள். தவிர, ஊர்க்காரர்கள் நிறுத்தினாலும் வெளியாட்கள் வந்து ஊதுவார்கள். அவர்களிடமும் அவள் சொல்ல வேண்டியிருக்கும்.

பென்ட் கல்லாவுக்கு எதிரே இருந்த பலகைத் தடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பின்னால் பியர்ப் பெட்டிகள் அடுக்குகிற அறை.

“அந்தப் பலகைக்குப் பின்னாடி எவ்வளவு இடம் இருக்கும்?” என்றான்.

“எதுக்குக் கேக்கறே?”

“தடுப்பை எடுத்துட்டா ரெண்டும் ஒரே கூடம். நாற்பது வந்துட்டா, நம்மளை வெளிய தள்றது டோரிட் இல்ல. பார்லிமெண்ட்டு.”

எங்கள் ஆட்களை அறியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படும். சிநேகிதி ஒருத்தி சங்கடப்பட்டுக்கொண்டு கேட்டால் கேட்டவளுக்கும் கஷ்டம், கேட்கப்பட்டவனுக்கும் கஷ்டம். சட்டம் என்று வந்துவிட்டால் திட்டிக்கொண்டே எழுந்து போவார்கள், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஹோல்கர் கண்ணாலேயே அளந்துவிட்டு, நாற்பத்திரண்டு வரும் என்று அடித்துச் சொன்னார். கப்பலில் வேலைபார்த்தவர், அவர் கண்ணளவு தப்பாது என்று எல்லோரும் நம்பினோம்.

அடுத்தவள் வீட்டுத் தடுப்பை அவளைக் கேட்காமல் பிரிப்பது குற்றமாக இருக்கலாம். என்னிடம் முடிவெட்டிக்கொள்ள வருகிற போலீஸ்காரரின் மனைவியிடம் அதைப் பற்றி நான் எதுவும் விசாரிக்கவில்லை. கடையை மூடிவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள். பெட்டிகள் என் சலூனின் பின்பக்கத்துக்கு வந்தன. பலகையை ஒவ்வொன்றாகக் கழற்ற, உள்பக்கம் வெளுப்பாகவும் வெளிப்பக்கம் தேயிலைச் சாயம் போலவும் இருந்தது. ஆட்கள் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். 

தரையைத் தேய்த்து முடித்ததும் பென்ட் அளவு நாடாவைப் பிடித்தான். ஒருமுறை அளந்தான், முகம் சுருங்கியது. இன்னொருமுறை அளந்தான். முப்பத்தொன்பதரை.

ஹோல்கர் நாடா பொய் சொல்கிறது என்றார். பென்ட் அவரிடம் நாடாவைக் கொடுத்தான். அவர் முழங்காலில் தவழ்ந்து மூலை மூலையாக அளந்தார். அதே முப்பத்தொன்பதரை. அரைச் சதுர மீட்டர் போதாததால் இனியும் புகை பிடிக்கலாம் என்ற நிலைமைக்கு ஒரு கூடம் நிறையப் புகைக்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வழி எனக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அது என் சுவரையொட்டி இருந்தது. கதவருகே சிகரெட் விற்கும் இயந்திரம் ஒன்று நின்றது, அதற்குப் பின்னால் ஆக்ஸல் காலத்தில் கோட்டு மாட்டுகிற உள்ளறை ஒன்று இருந்தது. இயந்திரம் வந்தபோது அதைப் பலகையடித்து மூடிவிட்டார்கள். சொன்னேன். எல்லோரும் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பென்ட்டுக்கும் அதற்கும் இருபது வருட உறவு. அவன் போய் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினான், பிளக்கைப் பிடுங்கினான், ஹோல்கர் மறுபக்கம் பிடிக்க இருவரும் தள்ளிக்கொண்டு போய்ப் பின்கட்டில் விட்டார்கள். பலகையைப் பிரித்தால் உள்ளே ஆக்ஸலின் எண்ணெய்த்துணிக் கோட்டு இன்னும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடம் ஒன்றரைச் சதுர மீட்டர். ஆகமொத்தம் நாற்பத்தொன்று. சட்டத்துக்கு மேல் ஒரு சதுர மீட்டர் கூடுதலாகவே கொடுத்தோம். மறுநாள் பென்ட்டே நகராட்சிக்குப் போன் போட்டு, கடை பெரிதாகிவிட்டது என்று தகவல் கொடுத்துவிட்டான்.

டோரிட்டை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்ததும் நான்தான். கைத்தடி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைக் கார் பின்சீட்டில் ஒளித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கடை நிறைய ஆள், சாம்பல் கிண்ணம் ஒன்றுகூட இல்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்ததால் எல்லோரும் கோட்டு போட்டுக்கொண்டு குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பார்வை தடுப்பு இருந்த இடத்துக்குப் போனது, பிறகு கதவோரம், பிறகு கொக்கியில் தொங்கிய அப்பாவின் கோட்டு.

ஹோல்கர் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பையன் மாதிரி முன்னாடியே பயிற்சி எடுத்திருந்தார்.

“பொண்ணே, ஒரு கெட்ட சேதி. தடுப்புல பூச்சி அரிச்சிருந்துச்சு, எடுக்க வேண்டியதாப் போச்சு. இப்போ பார்த்தா இடம் நாற்பதைத் தாண்டிருச்சு. இனிமே உள்ள பிடிக்க முடியாது. சட்டம். எங்களுக்கும் வருத்தந்தான்.”

“எப்போலேர்ந்து பூச்சி?”

“ரொம்ப நாளா,” என்றான் பென்ட்.

“சிகரெட் மெஷினையும் பூச்சி தின்னுருச்சா?”

 அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன். பிறகு மேசைகளைப் பிடித்துப் பிடித்துக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் போனாள். கையை உயர்த்திப் பித்தளை மணியின் கயிற்றைப் பிடித்தாள். ஆக்ஸலின் சட்டத்தை மீறி, அந்தக் கடையில் முதல்முறையாகக் கடைக்காரியே மணியை அடித்தாள். நிறுத்தாமல் அடித்தாள். அழுதுகொண்டே அடித்தாள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் கிளாஸை நீட்டினார்கள்.

கடையை விற்கவில்லை என்று கோபன்ஹேகன்காரனுக்கு அன்றே போன் செய்துவிட்டாள். வியாபாரம் கொஞ்சம் விழுந்தது உண்மைதான். வெளியூர்ப் புகைக்காரர்கள் வேறு சின்னக் கடைகளைத் தேடிப் போனார்கள். அவர்களுக்குப் பதிலாக, இத்தனை காலம் வாசலோடு நின்ற மனைவிமார்கள் உள்ளே வந்து பகடை உருட்ட ஆரம்பித்தார்கள். மோசமாக ஏமாற்றுகிறார்கள் என்று பென்ட் இன்றும் புகார் சொல்கிறான்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல அவள் தலையில் வெந்நீரை விட்டேன். என் கை நின்றுவிட்டது. என்ன என்று கேட்டாள். புகை வாசனை ஒன்றும் வரவில்லை என்றேன். இருபது வருடமாக நான் அலசிய முடி, அதன் சொந்த வாசனை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஈரக் கம்பளி மாதிரி, கொஞ்சம் ரொட்டி மாதிரி. அதைச் சொன்னேன். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் நடந்து வெகு வருடமாகிவிட்டது. நோய் போகவில்லை. நடுவில் இரண்டு முறை அவளைப் படுக்கையில் தள்ளியது. வலது கால் இழுத்துக்கொண்டுதான் வரும். கல்லாவுக்குப் பின்னால் பென்ட் செய்துகொடுத்த உயரமான முக்காலியில் சாய்ந்து நிற்கிறாள். ஆனால் நிற்கிறாள், இன்றைக்கும் அவளேதான் பியர் ஊற்றுகிறாள். மருந்தா, சுத்தமான காற்றா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். மருந்துக்குப் பெரும் பங்கு, காற்றுக்கும் பங்கு இருக்கும், எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்றார். பிரிக்க வேண்டாம், இரண்டுக்கும் சேர்த்தே நான் நன்றி சொல்லிக்கொள்கிறேன். முன்பு புகையால் அவளை மூடியவர்களும், பிறகு அவளுக்காகத் தடுப்பைப் பிரித்தவர்களும் ஒரே ஆட்கள். அவர்களைத் திட்டவும் என்னால் முடியும், கட்டிக்கொள்ளவும் முடியும். இரண்டையும் செய்கிறேன்.

ஹோல்கர் சுருட்டை விடவில்லை. எழுபது தாண்டியும் கதவுக்கு வெளியே, டோரிட் போட்டுக்கொடுத்த தகரக் கூரையடியில் நின்று பிடிப்பார். போன நவம்பரில் ஒரு மாலை, சாய்ந்தடித்த மழை. கடையில் நானும் டோரிட்டும் மட்டும். கதவு பாதி திறந்தது. ஹோல்கர் உள்ளே வராமல், சுருட்டு பிடித்த கையை வெளியே வைத்துக்கொண்டு, தலையை மட்டும் நீட்டினார். இத்தனை வருடமாகக் கேட்காத கேள்வியைக் கேட்க வந்திருந்தார். பூச்சிக் கதையை அவள் நம்பவில்லை என்று அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் யாரும் பேசியதில்லை.

“பொண்ணே. அது என் புகையா?”

டோரிட் கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

“அப்பா புகையோ, உன் புகையோ, யாரு கண்டா? புகையில யார் பேரும் எழுதி வரல. ஏழாம் வாய்ப்பாடு யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு கேளு. அது எனக்குத் தெரியும்.”

 மழை அவர் முதுகில் பெய்துகொண்டிருந்தது. உள்ளே குளிர் வருகிறது, கதவைச் சாத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. பாதிச் சுருட்டை வாசல் வாளியில் போட்டுவிட்டு உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றி ஆக்ஸலின் கோட்டுக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினார். அதற்குள் அவருடைய பியரை அவள் ஊற்றி வைத்திருந்தாள். கல்லாவுக்கு எதிரே வந்து நின்று, அன்றைக்கு அப்போதுதான் முதல்முறையாக உள்ளே நுழைகிறவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“போன தடவைக்கு நன்றி, பொண்ணே.”

டோரிட் இந்த முறை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

“நன்றி உனக்குத்தான்.”